புதிய லேப்டாப்: திரை, ஸ்டோரேஜ், டிவிடி ட்ரைவ் - எதற்கு முதலில் பணம்?

லேப்டாப் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். கடைக்குச் சென்றவுடன் விற்பனையாளர் ஒரு தாளை நீட்டுகிறார். ப்ராசசர் பெயரும் ரேம் அளவும் அதில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, பொடி எழுத்தில் ‘15.6 எப்.ஹெச்.டி., ஐ.பி.எஸ்., 300 நிட்ஸ், 512 ஜிபி எம்.2 என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., ஆப்டிகல் ட்ரைவ் இல்லை’ என்று ஒரு வரி ஓடுகிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வரியைப் படிப்பதில்லை. ஆனால், அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் உங்கள் கண்கள் தினமும் பார்க்கப் போகும் திரையும், உங்கள் குடும்பப் படங்கள் தங்கப் போகும் இடமும் இந்த வரியில்தான் இருக்கின்றன. இந்த வரியைப் படிப்பது எப்படி என்பதுதான் இந்த மாதப் பாடம்.

ஒரு நண்பரின் அனுபவம்

முதலில் ஒரு சிறிய கதை. எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற பின் வீட்டுக்கென்று ஒரு லேப்டாப் வாங்கச் சென்றார். அவருடைய ஒரே நிபந்தனை, "டிவிடி ட்ரைவ் கட்டாயம் இருக்க வேண்டும்" என்பது. மகள் திருமண வீடியோ மூன்று டிவிடிக்களில் பீரோவுக்குள் இருந்தது. அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

கடையில் தேடித் துருவி, டிவிடி ட்ரைவ் உள்ள பழைய மாடல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். பழைய மாடல் என்பதால் மற்றவையும் பழையவையாகவே இருந்தன. திரை மங்கல். சற்றுச் சாய்ந்து பார்த்தால் முகங்கள் கறுத்துத் தெரிந்தன. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து வந்தாலும் விண்டோஸ் முழுதாகத் திறந்திருக்காது.

இத்தனையையும் பொறுத்துக் கொண்டு முதல் டிவிடியைப் போட்டார். அது பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் இருந்த டிஸ்க். ட்ரைவ் சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று கைவிரித்துவிட்டது. அதாவது, எந்த டிஸ்க்குக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்தாரோ, அந்த டிஸ்க்கும் கைகொடுக்கவில்லை. அவர் வீடியோ என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நண்பர் செய்த தவறு டிவிடி ட்ரைவுக்கு ஆசைப்பட்டது அல்ல. எதைப் பின்னால் சேர்க்க முடியும், எதைச் சேர்க்க முடியாது என்று பிரித்துப் பார்க்காததுதான் தவறு. இதோ அந்தப் பிரிவினை:

* திரை: வாங்கியபின் இதைவிட நல்லதாக மாற்றுவது நடைமுறையில் இயலாது. உடைந்தால் அதே வகைத் திரையைப் போடுவார்கள், அவ்வளவுதான்.
* ஸ்டோரேஜ்: சில லேப்டாப்களில் மாற்றலாம். சிலவற்றில் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள், மாற்ற முடியாது.
* டிவிடி ட்ரைவ்: எப்போது வேண்டுமானாலும் தனியாக வாங்கி யு.எஸ்.பி. வழியாக இணைக்கலாம்.

எனவே பணத்தையும் கவனத்தையும் இதே வரிசையில் செலவிட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாடம் 1: திரை

அளவு: திரையின் அளவை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை அங்குலத்தில் அளக்கிறார்கள். வீட்டு உபயோகத்திற்கு 14, 15.6, 16 அங்குலத் திரைகள் அதிகம் விற்பனையாகின்றன. தினமும் பையில் போட்டுத் தூக்கிச் செல்பவருக்கு 14 அங்குலம் போதும். மேஜையை விட்டு நகராது என்றால் 15.6 அல்லது 16 வாங்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பழைய லேப்டாப் திரைகள் 16:9 என்ற அகல, உயர விகிதத்தில் இருக்கும். இப்போது பல மாடல்கள் 16:10 விகிதத்தில் வருகின்றன. 16:9 விகிதத்தில் உள்ள 15.6 அங்குலத் திரையின் உயரம் சுமார் 19.4 செ.மீ. 16:10 விகிதத்தில் உள்ள 14 அங்குலத் திரையின் உயரம் சுமார் 18.8 செ.மீ. உயரத்தில் வித்தியாசம் அரை சென்டி மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கடிதம் எழுதுவது, எக்ஸெல் பார்ப்பது, பாடம் படிப்பது எல்லாம் மேலிருந்து கீழாகச் செல்லும் வேலைகள். அவற்றுக்கு உயரம்தான் முக்கியம். ஆகவே 14 என்றவுடன் சிறியது என்று ஒதுக்கிவிட வேண்டாம். விகிதத்தையும் கேளுங்கள்.

ரெசொல்யூஷன்: திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை இது. 1366 x 768 என்றால் ஏறத்தாழ பத்தரை லட்சம் புள்ளிகள். 1920 x 1080 என்றால் இருபது லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல். இதைத்தான் புல் ஹெச்.டி. என்கிறார்கள். 16:10 திரைகளில் இது 1920 x 1200 ஆக இருக்கும். தமிழ் எழுத்துகளில் சுழிகளும் கொம்புகளும் அதிகம். புள்ளிகள் குறைந்தால் ‘ண’வும் ‘ன’வும் சிறிய எழுத்தில் குழம்பிப் போகும். எனவே புல் ஹெச்.டி.க்குக் கீழே எதையும் வாங்க வேண்டாம். ‘ஹெச்.டி.’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 1366 x 768 ஆகத்தான் இருக்கும். ‘புல்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கவும். 4கே திரை வீட்டு வேலைக்கு அவசியமில்லை. விலையும் கூடும், பேட்டரியும் விரைவில் தீரும்.

பேனல் வகை: இதுதான் நண்பர் ஏமாந்த இடம்.

* டி.என்.: மலிவானது. நேராகப் பார்த்தால் பரவாயில்லை. மேலிருந்தோ பக்கவாட்டிலோ பார்த்தால் நிறம் மாறிவிடும். பக்கத்தில் அமர்ந்து பார்ப்பவருக்குப் படம் சரியாகத் தெரியாது.
* ஐ.பி.எஸ்.: எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. குடும்பமாகச் சேர்ந்து பார்ப்பதற்கு இதுவே ஏற்றது. சில நிறுவனங்கள் இதை ‘ஐ.பி.எஸ். லெவல்’ அல்லது ‘வைட் வியூ’ என்று குறிப்பிடுகின்றன.
* ஓ.எல்.இ.டி.: ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி தரும். கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். படம் பார்க்க அருமை. ஆனால் ஒரே உருவம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் அதன் தடம் திரையில் தங்கிவிட வாய்ப்பு உண்டு. நாள் முழுவதும் ஒரே அக்கவுண்ட்ஸ் புரோகிராமைத் திறந்து வைத்திருப்பவர்கள் இதை யோசித்து வாங்க வேண்டும்.

வெளிச்சம்: இதை நிட்ஸ் என்ற அலகில் சொல்கிறார்கள். விலை குறைந்த லேப்டாப்களில் 220 அல்லது 250 நிட்ஸ் இருக்கும். குழல்விளக்கு எரியும் அறைக்கு இது போதும். ஜன்னல் ஓரம், திண்ணை, மொட்டை மாடி என்று பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை செய்பவராக இருந்தால் 300 நிட்ஸ், முடிந்தால் 400 நிட்ஸ் தேடுங்கள்.

நிறம்: தாளில் ‘45% என்.டி.எஸ்.சி.’ என்று இருந்தால் நிறங்கள் சற்று வெளிறித் தெரியும் என்று பொருள். பட்டுப்புடவையின் அரக்கு நிறம் செங்கல் நிறமாகத் தெரியும். ‘100% எஸ்.ஆர்.ஜி.பி.’ என்று இருந்தால் நல்லது. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் மட்டும் என்றால் முதல் வகையே போதும். போட்டோ ஆல்பம் செய்பவர், துணி, நகை போன்றவற்றை இண்டர்நெட்டில் விற்பவர் இரண்டாவது வகையைத்தான் வாங்க வேண்டும்.

பளபளப்பா, மங்கலா: பளபளப்பான திரையில் நிறம் எடுப்பாக இருக்கும், ஆனால் உங்கள் முகமும் பின்னாலுள்ள ட்யூப் லைட்டும் அதில் தெரியும். பளபளப்பு இல்லாத மேட் வகையில் இந்தத் தொல்லை குறைவு. நீண்ட நேரம் படிப்பவருக்கு மேட் வகையே நல்லது. கேம்ஸ் ஆடுபவர்கள் 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் தேடுவார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான 60 ஹெர்ட்ஸ் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைத் திரைகளுடன் லேப்டாப் வருவது உண்டு. பெயர் ஒன்று, கடைசி எழுத்துகள் மட்டும் வேறு. எனவே மாடல் எண்ணை முழுமையாக எழுதிக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்கான விவரத்தைப் பாருங்கள்.

பாடம் 2: ஸ்டோரேஜ்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். ‘8 ஜிபி, 512 ஜிபி’ என்று இரண்டு எண்கள் இருந்தால், சிறியது ரேம். அது வேலை செய்யும் மேஜை போன்றது. மின்சாரம் நின்றால் காலியாகிவிடும். பெரியது ஸ்டோரேஜ். அது பீரோ போன்றது. வைத்தது வைத்தபடி இருக்கும். நாம் இப்போது பார்ப்பது பீரோவை.

இதில் நான்கு வகை உண்டு.

1. ஹார்ட் டிஸ்க்: உள்ளே தட்டு சுழலும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி செகண்ட். ஒவ்வொரு பைலையும் எடுக்கப் படிக்கும் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பைல்கள் படிக்கப்படுகின்றன. தாமதத்தின் காரணம் இதுதான்.

2. இ.எம்.எம்.சி.: மிக மலிவான லேப்டாப்களில் போர்டிலேயே பதிக்கப்பட்டு வரும் மெமரி. 64 அல்லது 128 ஜிபி இருக்கும். மாற்ற முடியாது. விண்டோஸ் 11 சிஸ்டத்திற்கு மைக்ரோசாப்ட் சொல்லும் குறைந்த பட்ச ஸ்டோரேஜே 64 ஜிபி. அப்படியானால் 64 ஜிபி லேப்டாப்பில் உங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். சில மாதங்களில் அப்டேட் செய்யக்கூட இடம் இருக்காது.

3. சாட்டா எஸ்.எஸ்.டி.: சுழலும் பாகம் எதுவும் கிடையாது. ஒரு செகண்டுக்கு 500 எம்பி அளவில் படிக்கும். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினால் புதிய கம்ப்யூட்டர் போல ஓடும்.

4. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.: இன்றைய புதிய லேப்டாப்களில் வருவது இதுவே. செகண்டுக்கு 3,000 எம்பிக்கு மேல் படிப்பவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. இதைவிட இரு மடங்கு வேகம் கொண்டவையும் உண்டு. ஆனால் வீட்டு வேலையில் அந்தக் கூடுதல் வேகம் கண்ணுக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதுதான் பெரிய தாவல். அதன் பிறகு வேகத்தைவிடக் கொள்ளளவுக்குப் பணம் தருவதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு வாங்குவது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விண்டோஸ், அதன் அப்டேட்கள், வழக்கமான புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து 80 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். மொபைல் போனில் எடுக்கும் போட்டோ ஒன்று 4 எம்பி என்றால் 10,000 போட்டோவுக்கு 40 ஜிபி. புல் ஹெச்.டி. வீடியோ நிமிடத்திற்கு 100 எம்பி என்றால் 10 மணி நேரத்திற்கு 60 ஜிபி. ஆக மொத்தம் 180 ஜிபி. எஸ்.எஸ்.டி. நன்றாக இயங்க 15 முதல் 20 சதவீத இடத்தைக் காலியாக விட வேண்டும். இப்போதே 256 ஜிபி நிறைந்துவிட்டது. எனவே வீட்டுக்கு 512 ஜிபி என்பது நியாயமான தொடக்கம். வீடியோ எடிட் செய்பவருக்கு 1 டிபி.

குறைந்து போன ஜிபி: 512 ஜிபி என்று வாங்கிய லேப்டாப்பை வீட்டில் திறந்தால் 476 ஜிபி என்று காட்டும். ‘கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்’ என்று பதற வேண்டாம். தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 x 1024 x 1024 பைட்டாகக் கணக்கிடுகிறது. இரண்டு அளவுகோல்களின் வித்தியாசமே இது. இதே போல் 256 ஜிபி என்பது 238 ஆகவும், 1 டிபி என்பது 931 ஜிபியாகவும் தெரியும். ரெகவரி பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தால் இன்னும் சற்றுக் குறையும்.

கேட்க வேண்டிய கேள்வி: "எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மாற்றலாமா? இன்னொன்று போட ஸ்லாட் இருக்கிறதா?" எம்.2 ஸ்லாட் இருந்தால் அதன் நீளத்தையும் கேளுங்கள். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பொருள். 2242, 2230 என்ற குட்டை வகைகளும் உண்டு. ஸ்லாட் இருந்தால் இப்போது 512 வாங்கி, பின்னால் கூட்டிக் கொள்ளலாம். போர்டோடு சேர்ந்தது என்றால் இப்போதே தேவைக்கு மேல் ஒரு படி வாங்கிவிடுங்கள்.

‘1 டிபி க்ளவுட் இலவசம்’ என்ற வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். அது லேப்டாப்பினுள் இருக்கும் இடம் அல்ல. பெரும்பாலும் ஓராண்டுக்குத் தரப்படும் சந்தா. அதன்பின் பணம் கட்ட வேண்டும்.

இரண்டு ஆபத்துகள்

எஸ்.எஸ்.டி. நல்லதுதான். ஆனால் அது போகும்போது சத்தம் போடாமல் போகும். ஹார்ட் டிஸ்க் பழுதடையும் முன் பல நேரங்களில் கடகடவென்று சத்தம் கொடுத்து எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. நேற்று இயங்கும், இன்று இயங்காது. மேலும், அழித்த பைலை மீட்பதும் கடினம். அழிக்கப்பட்ட இடத்தை எஸ்.எஸ்.டி. தானாகவே துடைத்து வைத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் பலமுறை கைகொடுத்த ரெகவரி புரோகிராம்கள் இங்கே பெரும்பாலும் தோற்றுப் போகும்.

இரண்டாவது ஆபத்து பூட்டு. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கொடுத்து முதல் முறை செட் அப் செய்திடும்போதே டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கத் தொடங்கிவிடுகிறது. திருடு போனால் நம் பைல்களை மற்றவர் பார்க்க முடியாது என்பது நன்மை. ஆனால் மதர் போர்டு பழுதாகி, எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் 48 இலக்கம் கொண்ட ரெகவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் பதிவாகியிருக்கும். கடைக்காரரே அவருடைய இமெயில் முகவரியைக் கொடுத்து செட் அப் செய்து தந்திருந்தால், அந்தச் சாவி அவரிடம்தான் இருக்கும். எனவே உங்கள் சொந்த அக்கவுண்ட்டில் மட்டும் செட் அப் செய்திடவும். கீயை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் வைத்திடவும்.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து பேக் அப். லேப்டாப் வாங்கும் அன்றே 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்குங்கள். வேகம் தேவையில்லாத இந்த வேலைக்குச் சுழலும் ஹார்ட் டிஸ்க் போதும். மாதம் ஒருமுறை இணைத்துப் படங்களை காப்பி செய்து, கழற்றி வேறு இடத்தில் வைத்திடவும். எப்போதும் இணைத்தே வைத்திருந்தால், வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பாடம் 3: டிவிடி ட்ரைவ்

ஆப்டிகல் ட்ரைவ் என்பது சிடி, டிவிடி, ப்ளூ ரே டிஸ்க்குகளை லேசர் ஒளியால் படிக்கும் ட்ரைவ். ஒரு சிடியில் 700 எம்பி, ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, ப்ளூ ரே டிஸ்க்கில் 25 ஜிபி பதியலாம். லேப்டாப்பில் வைக்கும் மெல்லிய ட்ரைவ் கூட 9.5 அல்லது 12.7 மி.மீ. தடிமன் கொண்டது. 2008ல் ஆப்பிள் நிறுவனம் இந்த ட்ரைவ் இல்லாமல் மேக்புக் ஏர் லேப்டாப்பைக் கொண்டு வந்தது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் படிப்படியாக நீக்கிவிட்டன. இன்று கடையில் உள்ள புதிய லேப்டாப்களில் இது அநேகமாக இல்லை. விண்டோஸ் இன்ஸ்டால் செய்யக்கூட 8 ஜிபி பென் ட்ரைவ் போதும்.

டிவிடி ட்ரைவ் உண்டு என்று யாராவது பழைய அல்லது புதுப்பித்த லேப்டாப்பைக் காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். அத்தகைய பழைய மாடல்கள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி இயங்காது. விண்டோஸ் 10 சிஸ்டத்திற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களோ பொதுவாக 2025 அக்டோபர் 14ல் முடிவுக்கு வந்துவிட்டன. ஒரு ட்ரைவுக்காக இந்தச் சிக்கலை வாங்க வேண்டாம்.

வீட்டில் பழைய டிஸ்க்குகள் உண்டா? தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிவிடி ரைட்டர் வாங்குங்கள். வாங்கும்போது மூன்றைப் பார்க்கவும்.

* இணைப்பு: உங்கள் லேப்டாப்பில் பழைய அகலமான யு.எஸ்.பி. போர்ட் இல்லாமல் டைப் சி மட்டும் இருந்தால், அதற்கேற்ற கேபிள் உள்ள ட்ரைவ் வாங்கவும்.
* வேகம்: யு.எஸ்.பி. 3 வேண்டும் என்று அதிகப் பணம் தரத் தேவையில்லை. 8 எக்ஸ் வேகத்தில் டிவிடி தருவது செகண்டுக்குச் சுமார் 11 எம்பி மட்டுமே. யு.எஸ்.பி. 2.0 வேகமே இதற்குப் போதும்.
* எழுதும் வசதி: சிடி, டிவிடி இரண்டையும் எழுதுமா என்று கேட்கவும். இதில் ப்ளூ ரே டிஸ்க் படிக்காது. அதற்கான ட்ரைவ் வேறு, விலையும் அதிகம்.

உறவினரோ நண்பரோ வைத்திருந்தால் இரண்டு நாள் இரவல் வாங்கினாலும் போதும். ஏனென்றால் இது தினமும் பயன்படும் பொருள் அல்ல. டிஸ்க்கில் உள்ளதை ஒருமுறை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

டிஸ்க்கை மீட்பது எப்படி?

வீட்டில் எழுதிய சிடி, டிவிடி என்றென்றைக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இவற்றில் தகவல் ஒரு சாய அடுக்கில் பதிகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும். சிடியில் இந்த அடுக்கு லேபிள் பக்கத்திற்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அதனால் லேபிள் பக்கம் கீறினாலும், பால் பேனாவால் அழுத்தி எழுதினாலும் தகவல் போய்விடும். லேப்டாப் வந்த முதல் வாரமே கீழ்க்கண்டவாறு செய்திடவும்.

1. டிஸ்க்கை மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கவும். வட்டமாகத் துடைக்க வேண்டாம்.

2. ட்ரைவை லேப்டாப்பில் நேரடியாக இணைக்கவும். மின்சாரம் தராத யு.எஸ்.பி. ஹப் வழியாக இணைத்தால் போதிய மின்சாரம் கிடைக்காமல் ட்ரைவ் திணறும்.

3. லேப்டாப்பில் ஒரு போல்டர் உருவாக்கி, ‘திருமணம் டிஸ்க் 1’ என்பது போலப் பெயர் தரவும்.

4. டிவிடி என்றால் அதில் ‘வீடியோ டி.எஸ்.’ என்ற போல்டர் இருக்கும். அதை அப்படியே முழுவதுமாக காப்பி செய்திடவும். உள்ளே படம் 1 ஜிபி அளவுள்ள துண்டுகளாக இருக்கும். பழைய வீடியோ சிடி என்றால் ‘எம்பெக் ஏ.வி.’ என்ற போல்டரில் ‘டாட்’ என்ற பின்னொட்டு கொண்ட பைலாக இருக்கும்.

5. 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல், டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸ் உடன் சேர்த்துத் தரப்படுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. மீடியா பிளேயரை இன்ஸ்டால் செய்தால் இவை எல்லாம் ஓடும்.

6. காப்பி பாதியில் நின்றால் திரும்பத் திரும்ப முயன்று டிஸ்க்கைச் சூடாக்க வேண்டாம். வேறொரு ட்ரைவில் போட்டுப் பார்க்கவும். ஒரு ட்ரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது உண்டு.

7. முதல், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது காப்பி எடுத்திடவும். அதுவரை டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம்.

இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். நூறு டிவிடிக்கள் முழுவதும் நிறைந்திருந்தால்கூட 470 ஜிபிதான். 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பாதி. கடையில் வாங்கிய சினிமா டிவிடிக்கள் இதே முறையில் காப்பி ஆகாது. அவற்றில் காப்பி செய்வதைத் தடுக்கும் பூட்டு உண்டு.

யாருக்கு எது?

கல்லூரி மாணவர்: 14 அங்குலம், 16:10, ஐ.பி.எஸ்., 300 நிட்ஸ். 512 ஜிபி எஸ்.எஸ்.டி. டிவிடி ட்ரைவ் வேண்டாம்.

வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர்: 15.6 அல்லது 16 அங்குலம், ஐ.பி.எஸ்., மேட் வகை. 512 ஜிபி போதும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கட்டாயம். பழைய கணக்குகள் சிடியில் இருந்தால் எக்ஸ்டர்னல் டிவிடி ட்ரைவும் சேர்த்து வாங்கவும்.

போட்டோ, வீடியோ வேலை செய்பவர்: 100% எஸ்.ஆர்.ஜி.பி. திரைக்கு முதலிடம். 1 டிபி, அல்லது 512 ஜிபியுடன் காலி ஸ்லாட் ஒன்று.

பணம் தருவதற்கு முன்

* லேப்டாப்பை இயக்கச் சொல்லி, முழுத் திரையிலும் வெள்ளை, கறுப்பு, சிவப்புப் படங்களை வைத்துப் பாருங்கள். இறந்த புள்ளிகள் இருந்தால் தெரியும்.
* மனிதர் முகம் உள்ள படம் ஒன்றைத் திறந்து, மேலிருந்தும் இருபக்கமிருந்தும் பாருங்கள். முகம் கறுத்தால் அது டி.என். வகை.
* ஏதேனும் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்.
* கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதில் கிளிக் செய்தால், எஸ்.எஸ்.டி.யா ஹார்ட் டிஸ்க்கா என்று தெரிந்துவிடும்.
* பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கவும்.

நண்பரின் கதைக்கு வருவோம். அவரிடம் இருந்த மூன்று டிஸ்க்குகளில் இரண்டு ஓடின. முதலாவது மட்டும் ஓடவில்லை. தாலி கட்டும் காட்சி அதில்தான் இருந்தது. நல்ல வேளையாக, சம்பந்தி வீட்டில் இன்னொரு செட் இருந்தது. இரவல் வாங்கிய எக்ஸ்டர்னல் ட்ரைவ் ஒன்றில் போட்டதும், இரண்டு இடங்களில் தயங்கி நின்று, பின் முழுவதுமாக காப்பி ஆகிவிட்டது. இப்போது அது மூன்று வீடுகளில் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அந்த வீடியோவை மீட்டது தேடித் துருவி வாங்கிய லேப்டாப்பின் ட்ரைவ் அல்ல. இன்னொரு வீட்டில் இருந்த காப்பிதான். மங்கலான அந்தத் திரையை மட்டும் அவரால் இன்றுவரை மாற்ற முடியவில்லை.

நீங்கள் லேப்டாப் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே பீரோவைத் திறந்து, எத்தனை டிஸ்க்குகள் இருக்கின்றன, எதில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எக்ஸ்டர்னல் ட்ரைவ் தேவையா, எவ்வளவு ஸ்டோரேஜ் வாங்க வேண்டும் என்பதை அந்தத் தாளே உங்களுக்குச் சொல்லிவிடும்.